பேச்சிமுத்துவின் காலும் உன் காலும்

சங்கரலிங்கம்,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இது. இன்றைக்கு அப்படி எழுத வரவில்லை. இங்கே யாரும் சுகமாக இல்லை. உன் அம்மா உலை வைக்கிறாள், வடிக்கிறாள், சாப்பிட உட்காருவதில்லை. நான் மண்டியைத் திறந்து மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் நிற்கிறேன். விலை கேட்டவனுக்கு வேறு எதையோ பதிலாகச் சொல்கிறேன். நீ நாலு தெரு தள்ளி, கால்பந்து கிளப் மானேஜர் வீட்டு மாடியில் இருக்கிறாய். நான் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாய். அம்மா கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியும் மூடி திறக்காமல் திரும்பியது. நானே வந்தேன். மாடிப்படியிலேயே மானேஜர் மறித்துக்கொண்டு, "அண்ணாச்சி, பையன் மனசக் கலைக்காதிய. ஞாயித்துக்கிழமை பைனல் முடியட்டும். நானே அவனைக் கொண்டாந்து உங்க வீட்ல விடுதேன்" என்றார். கொண்டுவந்து விடுவார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நடத்திக் கொண்டுவருவாரா, தூக்கிக் கொண்டுவருவாரா என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதனால் இதை அச்சில் போடுகிறேன். நம் கிளப் ஆட்டங்களுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது எப்போதும் என் பொறுப்பு. இந்தப் பைனலுக்கும் நான்தான் அடிக்கிறேன். முதல் பக்கத்தில் ஆட்டம், மைதானம், நேரம் எல்லாம் வழக்கம்போல இருக்கும். மற்றப் பக்கங்களில் இந்தக் கடிதம் இருக்கும். நீ படிக்க மாட்டாய், தெரியும். ஆனால் உன் பக்கத்தில் நிற்பவன் படிப்பான். டீக்கடையில் ஒருவன் சத்தமாக வாசிப்பான், நாலு பேர் கேட்பார்கள். யாராவது ஒருவன் வந்து உன் காதில் போடாமல் இருக்க மாட்டான். குடும்பத்து விஷயத்தைத் தெருவில் போடுகிறானே என்று ஊர் பேசட்டும். வீட்டுக்குள் பேச நீ எனக்கு வழி வைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ மைதானத்தில் இறங்கக் கூடாது.

ஜின்னிங் மில்லுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கரிசல் பொட்டலில் ஆனி மாதம் நடந்த ஆட்டத்தை நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தரை வெடித்துக் கிடந்தது. பந்தோடு நீ திரும்பினாய், உடம்பு திரும்பியது, வெடிப்பில் மாட்டிய இடது கால் திரும்பவில்லை. நீ போட்ட சத்தம் கூட்டத்தின் ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. உன் அம்மா கோவில் புற்றுமண்ணைக் குழைத்து முழங்காலில் பற்றுப் போட்டாள். வீக்கம் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ துள்ளினாய். நான் நம்பவில்லை. மேல் வத்தல் காய்ந்திருக்கிறது என்று மூட்டையை வாங்கிவிடுகிறவன் இல்லை நான். கையை அடியாழம் வரை விட்டுப் பார்ப்பேன். அதனால்தான் உன்னைப் பாளையங்கோட்டை டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் காலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நீயும் கேட்டாய். "உள்ளே கிழிஞ்சிருக்கு. இன்னொரு தடவை திருகினா, மடக்கின காலை நீட்ட முடியாது, நீட்டின காலை ஊன முடியாது." திரும்பி வருகிற பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். ஊர் வந்து இறங்கியதும், "அந்த டாக்டர் ஒரு நாளாவது பந்து ஆடியிருப்பாராப்பா?" என்று கேட்டாய். இந்தக் கேள்வி உன்னுடையது இல்லை. என் மண்டியில் நீ கேட்டு வளர்ந்த பேச்சு அது.

அந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுத வேண்டும். எடை போட்டு முடிந்து சாக்குகளை உதறிப் போட்ட பிறகு, சாயங்காலம் நம் மண்டியில் கூடுகிற கூட்டம் உனக்குத் தெரியும். தரகர் சுப்பையா வருவார். கடையநல்லூரிலிருந்து கைலி கொண்டுவந்து விற்கிற ராவுத்தர் கடைசி ரயிலுக்கு முன்னால் வந்து ஒரு மூட்டைமேல் ஏறி உட்காருவார். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவோம். திருநீறு பூசாமல் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போகாத கோலி. இடது ஓரத்தில் ஓடினால் பந்தை விட்டுவிட்டு ஆள் மட்டும் எல்லைக்கோடு தாண்டிப் போய்விடுகிற நெசவுக்காரப் பையன். உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய கரிவண்டி பஸ்ஸில் திருநெல்வேலிக்கு ஆடப் போய், மேட்டில் ஏற முடியாத பஸ்ஸைப் பதினோரு பேரும் தள்ளி, ஆட்டத்துக்கு முன்னாலேயே களைத்துத் தோற்ற கதை. அதைச் சொல்லும்போதெல்லாம் சுப்பையா, "அன்னைக்குத் தோத்தது நம்ம டீம் இல்ல வே, அந்த பஸ்ஸுதான் தோத்துது" என்பார். அதே இடத்தில் தினமும் சிரிப்போம். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நீ கேட்ட தாலாட்டு இதுதான். உனக்கு நடை வந்ததும் சாக்குத் துணியைச் சுருட்டிப் பந்து கட்டிக் கொடுத்தவனும் நான்தான். இல்லை என்று சொல்லவில்லை.

எல்லாப் பேச்சும் கடைசியில் பீரங்கி பேச்சிமுத்துவிடம் போய்த்தான் நிற்கும். சண்டைக் காலத்துப் பைனல். முதல் பாதியிலேயே கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. மேல்துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அந்தக் காலாலேயே அடித்தான், வலை கிழிந்தது. இப்படித்தான் நாங்கள் சொல்லுவோம், இப்படித்தான் உனக்கும் சொன்னேன். நம் மைதானத்துக்கு அப்போது வலை கிடையாது, வெறும் இரண்டு கம்பங்கள்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வலை கிழிந்தது என்று சொல்லி வந்தேன். கேட்க நன்றாக இருந்தது.

போன மாதம் அந்தப் பேச்சிமுத்து நம் மண்டிக்கு வந்தபோது நீ தராசுப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். இலங்கையில் தேயிலை சேர்த்து வைக்கிற ஒரு கிட்டங்கியில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். கையில் கம்பு. வாசற்படியில் ஏறுவதற்கு ஒரு காலை முதலில் வைத்து, மற்றதைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தான். சுப்பையா குதித்து எழுந்து, "ஏலே, பீரங்கி வந்துட்டாம்லே!" என்று கத்தினார். அவனை மூட்டைமேல் உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, அவனுடைய கதையை அவனுக்கே சொல்ல ஆரம்பித்தோம். அவன் கொஞ்ச நேரம் கேட்டான்.

"அந்தக் கோலை நான் அடிக்கல அண்ணாச்சி" என்றான்.

சுப்பையா சிரித்தார். "அடக்கமப் பாரும் வே."

"அடக்கம் ஒண்ணுமில்ல. நான் கம்பத்தப் பிடிச்சிட்டு நின்னேன். கையை எடுத்தா விழுந்திருவேன். வாந்தி வந்துட்டு. கண்ணு இருட்டிட்டு. சத்தம் கேட்டுத்தான் கோல்னு தெரியும். யாரு அடிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"நீரு மறந்துட்டீரு" என்றார் சுப்பையா. முகம் மாறிவிட்டது. "நான் கம்பத்துக்குப் பின்னாலதான் நின்னேன். வலது கால்ல அடிச்சீரு. என் கண்ணால பாத்தேன்."

"ஒடஞ்சதே வலது கால்தான் வே."

"அதான் சொல்லுதேன், ஒடஞ்ச காலாலதான் அடிச்சீரு!"

ராவுத்தர் குறுக்கே வந்தார். "சுப்பையா, ஆடினவரு அவரு. அவரு சொல்றதையும் கொஞ்சம் கேளும்."

"ஆடுதவனுக்கு என்ன ஓய் தெரியும்? அவன் பந்தப் பாப்பான். ஆட்டத்தப் பாத்தவன் நாம!"

பேச்சிமுத்து கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, மண்டியில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டான். நான் வியாபாரி. வாயில் வந்தது வியாபாரியின் கேள்வி. "எடை போடுத இடத்துல பொழுதுக்கும் நிக்கணும். நிப்பீரா?" அவன் என்னைப் பார்த்தான். "உக்காந்து செய்யுத சோலி ஏதாச்சும் இருந்தாச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றி, அதேபோலக் காலைக் கையால் தூக்கி வைத்துப் படியிறங்கிப் போனான். இத்தனை வருஷமாக அவன் காலைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். அந்தக் கால் நிற்குமா என்று அன்றைக்குத்தான் ஒருவன் கேட்டான். அதுவும் வேலைக்கு ஆகுமா என்று பார்ப்பதற்காகக் கேட்டான். அவன் தெருமுனை திரும்புவதற்குள் சுப்பையா என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "நெசமாவே இவன் பேச்சிமுத்துதானா? எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு. நம்ம பேச்சிமுத்து இப்படியா இருப்பான்?" என்றார். பிறகு அந்தக் கோலை மறுபடி முதலிலிருந்து சொன்னார். எல்லோரும் கேட்டோம்.

நீயும் இதையெல்லாம் பார்த்தாய். பார்த்த பிறகாவது உனக்குப் புத்தி தெளியும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ சொன்னது வேறு. "அவரு இல்லாத நாள்லயும் அவரு பேரு நிக்குல்லாப்பா. நீங்க இத்தனை வருசமா எத்தனை மூட்டை வித்தீங்க, ஒரு மூட்டையாவது எவனுக்காவது ஞாபகம் இருக்குமா?" என்றாய். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஒளிப்பானேன். ராயகிரிப் பக்கம் ஊர் ஊராகப் போய், தலைச்சுமையாக வத்தல் வாங்கி வந்து, கோவில் வாசலில் சாக்கு விரித்து விற்று ஆரம்பித்தவன் நான். ஒரு மூட்டையும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கே இல்லை. ஆனால் அந்தச் சுமையை நான் இந்தக் கால்களால்தான் நடந்து கொண்டுவந்தேன். அப்படிக் கொண்டுவந்ததில்தான் உனக்குச் சோறு போட்டேன். பேர் நிற்கிறது என்கிறாய். பேச்சிமுத்துவின் பேர் என் மண்டியில் நிற்கிறது. பேச்சிமுத்துவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. பேரை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே அனுப்பிவிட்டோம். ஆள் உள்ளே வந்தால் கதைக்கு இடைஞ்சல்.

இன்னொருவரைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி எங்கள் சாயங்காலப் பேச்சில் நீ கேலி மட்டும்தான் கேட்டிருப்பாய். சாமுவேல் சார், ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, நம் கிளப்பின் முதல் மானேஜர். பையன்களுக்கு ஆப்டைம் இடைவேளையில் பானகம் கரைத்துக் கொடுப்பார், வெயிலில் ஒருவனை வாட விடமாட்டார். ஒரு ஆட்டத்தில் பின்வரிசையில் ஆடுகிற நம் பேக் ஒருவன் நொண்டினான். ஒருவன் வெளியே வந்தால் மாற்றாக இன்னொருவன் இறங்க வழியில்லாத ஆட்டம் இது. இருந்தும் சாமுவேல் சார் மைதானத்துக்குள் போய் அவனைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். கூட்டம் மண்ணாங்கட்டி எடுத்து எறிந்தது. "பொட்டலம் கட்டுத ஆளுக்குப் பந்தப் பத்தி என்னய்யா தெரியும்?" என்று கத்தினார் சுப்பையா. அவரைப் போகச் சொல்ல வேண்டும் என்று கூடிப் பேசினோம். பேசியவர்களில் நானும் இருந்தேன். அவர் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் வந்த மானேஜர்தான் பேச்சிமுத்துவின் காலைத் துண்டால் கட்டி உள்ளே தள்ளியவர். அவர் படத்துக்கு இன்றைக்கும் கிளப்பில் மாலை போடுகிறோம். அன்றைக்கு நொண்டிய அந்தப் பேக் இப்போது கோவில்பட்டி பஸ் ஓட்டுகிறான். சில நாள் அவன் பஸ்ஸில் நான் திருவேங்கடம் வரை போவேன். கிளச்சை மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவான். எந்தக் கால் அன்றைக்கு நொண்டியது என்று ஒரு நாள் கேட்டேன். அவனுக்கே ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை. அப்படி மறந்து போகிற காலாக உன் காலும் இருக்க வேண்டும் என்றுதான் கெஞ்சுகிறேன்.

உன் அம்மாவிடம் இந்த நோட்டீஸைப் பற்றிச் சொன்னேன். தடுப்பாள் என்று நினைத்தேன். "அந்தக் கதையச் சொல்லிச் சொல்லி அவனை வளத்தது நீங்கதான. இப்ப நீங்களே நிப்பாட்டுங்க" என்றாள். அவ்வளவுதான்.

ராவுத்தர்தான் பயந்துபோனார். இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இதுல எந்தக் காலுன்னு போட்டிருக்கீயளே. எதிராளி கையிலயும் இது போகும்லா?"

"போகும். முதல் கட்டு அவங்க தங்கியிருக்க சத்திரத்துக்குத்தான்."

"யா அல்லா! மவன் முழங்காலக் காட்டிக் குடுக்கீயளா? நாளைக்கு ஊருக்குள்ள உங்களத் துரோகின்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"அவங்க பேக் ரெண்டு பேரும் மாடு மாதிரி இருக்கானுவ. இடது காலுன்னு தெரிஞ்சா விடுவானா?"

"விட மாட்டான். அது மானேஜருக்கும் தெரியும் பாரும். அதுக்காவது இவன இறக்காம இருப்பாருல்லா."

ராவுத்தர் காகிதத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "இறக்கிட்டாருன்னா?" என்று கேட்டார்.

சங்கரலிங்கம், வாழ்நாள் முழுக்க எத்தனையோ சரக்கை ஊகத்தில் வாங்கியிருக்கிறேன். மழை வந்தால் நஷ்டம், வராவிட்டால் லாபம் என்று தெரிந்தே இறங்கியிருக்கிறேன். போனால் சரக்குத்தானே என்று ராத்திரி தூங்கியும் இருக்கிறேன். இந்தத் தடவை நான் வைத்திருப்பது உன் கால். உன் முழங்கால் பழுது என்று ஊருக்கும் எதிராளிக்கும் தெரிந்துவிட்டால் மானேஜர் உன்னை இறக்க மாட்டார் என்பது என் ஊகம். அது தப்பினால், உன் காலை உடைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நானாக ஆகிவிடுவேன். இது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தப் பகுதியை அச்சாபீசில் இருந்தே எழுதிச் சேர்க்கிறேன். இடது கால் என்ற அந்த வரியின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கம்போசிட்டர், "அண்ணாச்சி, எந்தக் காலுன்னு இருக்கத எடுத்திருவமா?" என்று மூன்று தடவை கேட்டான். எடுத்துவிட்டால் இது வெறும் அப்பன் புலம்பல். ஊர் சிரித்துவிட்டு மடித்துக் காது குடைய வைத்துக்கொள்ளும். நீயும் இறங்கிவிடுவாய். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வேறு வழி இருந்தால் சொல், அதைச் செய்கிறேன். யோசித்து யோசித்து எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

மானேஜருக்கும் இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். அவன் இறங்குவதாக இருந்தால் நானும் இறங்குவேன். மைதானத்தின் நடுக்கோட்டில் போய் உட்காருவேன். என்னைத் தூக்க நாலு பேர் வேண்டும். தூக்கிப் போட்டால் திரும்பி வந்து உட்காருவேன். ரெப்ரி எத்தனை விசில் வேண்டுமானாலும் ஊதிக்கொள்ளட்டும். இது மிரட்டல் இல்லை. நான் சொன்ன விலையிலிருந்து இறங்காதவன் என்று பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உன் கோபம் எனக்குத் தெரிகிறது. நீ ஆடாமல் கிளப் தோற்றால், இந்த ஊர் பொழுது சாய்ந்தால் பேசுவதற்கு உன் பேரையும் என் பேரையும் எடுத்துக்கொள்ளும். மகனைத் தடுத்த வத்தல் மண்டிக்காரன் என்பார்கள். அப்பனுக்குப் பயந்தவன் என்று உன்னைச் சொல்வார்கள். உனக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அப்படிப் பேசியவன் நான். மண்டியில் அந்தக் கூட்டம் இனி கூடாது. சுப்பையாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு எதிர்த்த கடை வாசலில் உட்கார்ந்து அதே கோலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேச்சிமுத்துவைத் தேடி ஆள் அனுப்பியிருக்கிறேன். சரக்கின் தரம் பிரித்துப் போடுகிற வேலை உட்கார்ந்தே செய்யலாம். வந்தால் வரட்டும். இத்தனை வருஷம் கழித்து வந்து கூப்பிடுகிறானே என்று காறித் துப்பினாலும் துப்பட்டும்.

நீ இனி எனக்கு மகனாக இருக்க வேண்டாம் என்று நினைத்தால் அப்படியே இரு. மண்டிக்கு வராதே, என் முகத்தில் விழிக்காதே, கடைசிக் காலத்தில் எனக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்று சொல். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். நீ பயந்தவன் என்று ஊர் சொல்லட்டும், என்னைத் துரோகி என்று சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்காதே.

ஞாயிறு மத்தியானம் மைதானத்து வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நான்தான் நிற்பேன். எல்லோருக்கும் முன்னால் என்னை என்ன வேண்டுமானாலும் கேள். அடிக்கக் கை ஓங்கினாலும் விலக மாட்டேன். ஏசுவதற்காகவாவது அங்கே வா. நடந்து வா.

உன் அப்பா